ஓவனை நிறுத்திய பிறகும் ஏன் சத்தம்?



கடந்த இதழில் மின்னழுத்தியின் வயர் ஏன் சூடாகிறது என்று எழுதியிருந்தேன். அதைப் படித்த ஓர் அக்கா, மாதர் சங்கக் கூட்டம் முடிந்ததும் என்னைத் தனியே அழைத்தார். "மிஸ், அயன் பொக்சைப் பற்றி எழுதினீங்கள். ஓவனைப் பற்றியும் எழுதுவீங்களோ?" என்று கேட்டார். அவருடைய முகத்தைப் பார்த்தபோது, அவர் கேட்பது எழுத்தைப் பற்றி மட்டுமல்ல என்று எனக்கு விளங்கியது.

கிளிநொச்சி மாவட்டத்தில் ஏ9 வீதியிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கிராமத்தில் அவர் வசிக்கிறார். 2009 மே மாதத்திற்குப் பிறகு கணவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. அப்போது கைக்குழந்தையாக இருந்த மகள் இப்போது உயர்தரம் படிக்கிறாள். அக்கா கேக் செய்து கொடுத்துத்தான் குடும்பத்தை நடத்துகிறார். பிறந்தநாள், சாமத்தியச் சடங்கு, நத்தார் என்று ஊரில் எது வந்தாலும் அவரிடம்தான் ஓடர் போகும்.

முன்பு சிறிய மேசை ஓவன் ஒன்றில் சுட்டார். சங்கத்தின் சுழற்சிக் கடனில், வெளிநாடு போன ஒரு குடும்பத்தாரிடம் பெரிய ஓவன் ஒன்றைப் பழையதாக வாங்கினார். அலுமாரிக்குள் பொருத்துகின்ற வகை. ஊரில் தச்சு வேலை செய்யும் ஒருவர் அதற்கென்று பலகையில் அளவாக ஒரு பெட்டி அடித்துக் கொடுத்தார்.

"பட்டர் கேக் சுட்டால் ஒண்டுமில்லை மிஸ். ரிச் கேக் வைச்சால் ஒண்டேகால் மணித்தியாலத்தில தானா நிக்குது. அரை மணித்தியாலம் கழிச்சு அதுவாகவே திரும்ப வேலை செய்யுது. கேக் நடுவில குழியா விழுந்து போகுது. நத்தாருக்கு பதினொரு ஓடர் எடுத்து வைச்சிருக்கிறன்."

நகரத்தில் திருத்துபவர் ஒருவரிடம் கேட்டிருக்கிறார். அவர் வந்து பார்க்கவில்லை. விபரத்தைக் கேட்டுவிட்டு, "உள்ளுக்குள்ள மோட்டர் எரிஞ்சு போச்சு, 18,000 ரூபா முடியும்" என்று சொல்லிவிட்டார். அக்காவின் தோடு அடகுக் கடைக்குப் போக இருந்த நேரத்தில்தான் அவர் என்னிடம் கேட்டார்.

எனக்கு மின்வேலை தெரியாது. ஆனால் தெரிந்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்னியலாளர் பயிற்சி பெற்று, என்.வி.கியூ. சான்றிதழ் எடுத்த ஒரு தங்கச்சி பக்கத்துப் பிரிவில் இருக்கிறாள். பயிற்சியில் அவளுடன் இருந்தவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள். அவளை அழைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை போனேன். அன்று நான் கண்டதையும் கற்றதையும்தான் இங்கே எழுதுகிறேன்.

ஓவனுக்குள் இரண்டு காற்றாடிகள்

பலருக்கு ஓவனுக்குள் ஒரு காற்றாடி இருப்பது தெரியும். பின்சுவரில் வட்டமாகத் தெரியும் அது, சூட்டை எல்லா இடமும் சமமாகப் பரப்புவதற்கானது. ஆனால் அலுமாரிக்குள் பொருத்தும் ஓவன்களில் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு காற்றாடியும் இருக்கும். அது வெப்ப அறைக்கு மேலே, தகட்டுக்குக் கீழே படுத்திருக்கும். நீண்ட உருளை போல, மெல்லிய இதழ்களோடு இருக்கும். இதைத்தான் குளிர்விக்கும் காற்றாடி என்கிறோம்.

இதன் வேலை கேக்கைச் சுடுவதல்ல. ஓவனைக் காப்பாற்றுவது. உள்ளே 180 பாகை வெப்பம் இருக்கும்போது அதற்கு மேலே சில அங்குல தூரத்தில் வயர்கள், சுவிச்சுகள், மணிக்கூடு எல்லாம் இருக்கின்றன. அந்தக் காற்றாடி வெளிக்காற்றை இழுத்து, இவற்றின் மேலாகச் செலுத்தி, கதவுக்கும் மேற்பலகைக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய வெளியால் முன்னுக்குத் தள்ளுகிறது. ஓவன் வேலை செய்யும்போது அந்த இடத்தில் கையைப் பிடித்தால் இளஞ்சூடான காற்று வருவது அதனால்தான்.

ஓவனை நிறுத்திய பிறகும் உள்ளே சூடு இருக்கும். எனவே காற்றாடி தொடர்ந்து சுற்றும். சூடு குறைந்ததும் தெர்மோஸ்ரற் எனப்படும் ஒரு சிறு சுவிச் அதைத் தானாக நிறுத்தும். சில ஓவன்களில் 10 நிமிடம் எடுக்கும், சிலவற்றில் அரை மணித்தியாலத்துக்கு மேலும் எடுக்கும். இது பழுதல்ல.

இன்னுமொரு பாதுகாப்பும் உண்டு. குளிர்விக்கும் காற்றாடி சரியாக வேலை செய்யாமல் மேற்பகுதி அளவுக்கு மிஞ்சிச் சூடானால், வேறொரு வெப்பச் சுவிச் முழு ஓவனையும் நிறுத்திவிடும். அது ஆறியதும் சில ஓவன்களில் தானாகவே மீண்டும் சேரும். அக்காவின் ஓவனில் நடந்தது இதுதான். ஓவன் தன்னைத் தானே காப்பாற்றிக்கொண்டிருந்தது.

திறப்பதற்கு முன்னர் நான்கு கேள்விகள்

தங்கச்சி ஸ்குறூ டிறைவரைக் கையில் எடுக்கவில்லை. முதலில் கேள்விதான் கேட்டாள்.

முதலாவது கேள்வி, எப்போது நிற்கிறது என்பது. பட்டர் கேக் முக்கால் மணித்தியாலத்தில் முடிந்துவிடும். ரிச் கேக் இரண்டு, இரண்டரை மணித்தியாலம் உள்ளே இருக்கும். நீண்ட நேரம் சுடும்போது மட்டும் நிற்கிறது என்றால், சூடு சிறிது சிறிதாகச் சேர்கிறது என்று பொருள்.

இரண்டாவது, ஆறிய பிறகு தானாக வேலை செய்கிறதா என்பது. ஆம் என்றால் சூடாக்கும் கம்பி நல்லது. அறுந்த கம்பி தானாக ஒட்டாது.

மூன்றாவது, காற்று வருகிறதா என்பது. மெல்லிய கடதாசியை ஒரு விரல் அகலத்தில் கிழித்து, ஓவன் சூடாகி இருக்கும்போது மேற்பலகைக்குக் கீழே பிடித்தோம். நல்ல காற்றாடி என்றால் கடதாசி நன்றாகப் படபடக்கும். எங்களுடையது இலேசாக அசைந்தது. காற்றாடி சுற்றுகிறது, ஆனால் மெதுவாகச் சுற்றுகிறது. மோட்டர் முற்றாக எரிந்திருந்தால் அந்த அசைவும் இருந்திராது.

நான்காவது, ஓவன் எங்கே நிற்கிறது என்பது. தச்சர் பெட்டியை அழகாக, இறுக்கமாக அடித்திருந்தார். பின்புறம் முழுப் பலகை. கீழேயும் இடைவெளி இல்லை. காற்றாடி இழுப்பதற்கு அங்கே காற்றே இல்லை. "மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடச் சொன்ன மாதிரி" என்றாள் தங்கச்சி.

இந்த நான்கு கேள்விகளையும் நீங்கள் எவருடைய உதவியும் இல்லாமல் கேட்டுப் பார்க்கலாம். எந்த ஆணியையும் கழற்றத் தேவையில்லை.

உள்ளே இருந்தது

ஓவன் நன்றாக ஆறிய பிறகு பிளக்கைக் கழற்றினாள். சுவிச்சை மட்டும் நிறுத்துவது போதாது என்று சொல்லி, பிளக்கை எல்லோரும் பார்க்கக்கூடிய இடத்தில் வைத்தாள். கதவைத் திறந்தால் ஓரச் சட்டத்தில் நான்கு ஆணிகள் தெரியும். அவற்றைக் கழற்றி, மூவருமாகச் சேர்ந்து ஓவனை வெளியே இழுத்து நிலத்தில் வைத்தோம். பாரமானது. ஒருவர் தனியே செய்யக்கூடாது.

மேல்தகட்டைக் கழற்றியதும் அக்கா, "ஐயோ, இதென்ன இவ்வளவு மா" என்றார். கோதுமை மா, பஞ்சுத் தூசு, எண்ணெய்ப் பிசுக்கு, இரண்டு கரப்பான் பூச்சிகள். எல்லாம் காற்றாடியின் இதழ்களுக்கிடையில் ஒட்டிக் கிடந்தன. வயர் எதையும் தொடுவதற்கு முன்னர் தங்கச்சி கைத்தொலைபேசியில் படமெடுத்தாள். எந்த வயர் எங்கே இருந்தது என்று பிறகு தடுமாறக்கூடாதல்லவா?

காற்றாடியை விரலால் சுழற்றினாள். நல்லதென்றால் விரலை எடுத்த பிறகும் சற்று நேரம் சுற்றும். இது விரலோடேயே நின்றது. மல்ரி மீற்றரை வைத்து மோட்டரின் சுருளைச் சோதித்தாள். சுருள் அறுந்திருக்கவில்லை, தகட்டோடு தொடுப்பும் இல்லை. "மோட்டர் எரியேல்லை அக்கா. இறுகிப் போய்க் கிடக்கு" என்றாள்.

காய்ந்த தூரிகையாலும் துணியாலும் துப்புரவாக்கினோம். தண்ணீர் படவில்லை. அச்சுத் தண்டின் இரு முனையிலும் தையல் மெசின் எண்ணெய் ஒவ்வொரு துளி விட்டாள். தேங்காயெண்ணெய் விடலாமோ என்று அக்கா கேட்டார். கூடாது. சூட்டில் அது பசை போலாகி முன்னையதைவிட இறுக்கிவிடும். தையல் எண்ணெயும் நிரந்தரத் தீர்வல்ல என்று தங்கச்சி சொன்னாள். மறுபடி சத்தம் வந்தால், அல்லது மெதுவாகச் சுற்றினால், மோட்டரை மாற்றத்தான் வேண்டும். ஆனால் அதற்குப் பணம் சேர்க்க இப்போது அவகாசம் கிடைத்திருக்கிறது.

பின்பலகையை வெட்டி எடுத்து, கீழேயும் காற்றுப் போக வழி செய்தோம். ஓவனைத் திரும்ப வைத்து இரண்டு மணித்தியாலம் வெறுமனே எரியவிட்டோம். நிற்கவில்லை. கடதாசி படபடவென்று அடித்தது.

அக்கா சொல்லாத காரணம்

கதை இத்துடன் முடிந்திருக்கலாம். ஆனால் தங்கச்சிக்கு ஒரு சந்தேகம். "எண்ணெய் இவ்வளவுக்குக் காய்ஞ்சு போக மாட்டுது. அக்கா, கேக்கை எடுத்த உடனே பிளக்கைக் கழட்டுறனீங்களோ?"

"ஓம். நிப்பாட்டின பிறகும் சுத்திக்கொண்டிருக்குது. கரண்ட் வீணாகுதெல்லோ" என்றார் அக்கா.

தங்கச்சி கணக்குப் போட்டுக் காட்டினாள். காற்றாடி மோட்டர் சுமார் 20 வாற். அரை மணித்தியாலம் சுற்றினால் ஒரு யூனிட்டில் நூறில் ஒரு பங்கு. அதாவது 100 தடவை கேக் சுட்டால்தான் ஒரு யூனிட் செலவாகும். சூடாக்கும் கம்பியோ 2,000 வாற்றுக்கு மேல். அது முழுமையாக எரியும்போது அரை மணித்தியாலத்திலேயே ஒரு யூனிட்டை முடித்துவிடும். மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் இரண்டு கேக்கை ஒன்றாக வைத்துச் சுட வேண்டும். காற்றாடியை நிறுத்துவதால் மிஞ்சுவது எதுவுமில்லை. மாறாக, உள்ளே நின்ற சூடு முழுவதும் மேலேறி மோட்டரின் எண்ணெயைக் காய்ச்சிவிட்டது.

அக்கா தலையாட்டினார். தங்கச்சி கை கழுவக் கிணற்றடிக்குப் போன பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"கரண்டுக்காக மட்டுமில்லை மிஸ். இரவில வேலை முடிச்சுப் படுக்கேக்க அந்தச் சத்தம் வண்டு சுத்திற மாதிரி இருக்குது."

எங்கள் வாசகிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வன்னியில் இருந்தவர்களுக்கு வண்டு என்றால் பூச்சி அல்ல. ஆளில்லாமல் வானத்தில் சுற்றி வேவு பார்த்த விமானம். "அது சுத்திப்போட்டுப் போனால் பிறகு ஷெல் வரும். பிள்ளையை நெஞ்சோட அணைச்சுக்கொண்டு பங்கருக்குள்ள இருந்தனான். சத்தம் எப்ப நிக்கும், நிண்டால் பிறகு என்ன வரும் எண்டு தெரியாது. இவ்வளவு வருசமாச்சு. ஒரு காத்தாடிக்குப் பயப்பிடுறன் எண்டு ஆரிட்டச் சொல்லுறது?"

நான், "பயப்படாதீங்கோ" என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லிப் பயம் போவதாக இருந்தால் எப்போதோ போயிருக்கும். உடல் சில சத்தங்களை மறப்பதில்லை. அது பைத்தியமும் அல்ல, பலவீனமும் அல்ல. இப்படியான பயம் நித்திரையைக் கெடுத்து அன்றாட வேலையைத் தடுக்குமானால், அருகிலுள்ள ஆதார வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் கதைக்கலாம். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

அன்று நாங்கள் செய்தது ஒன்றுதான். ஓவனை நிறுத்திவிட்டு, பிளக்கைக் கழற்றாமல், மகளையும் அழைத்துக் குசினியிலேயே தேநீரோடு இருந்தோம். சுவர் மணிக்கூட்டைப் பார்த்தோம். 26ஆவது நிமிடத்தில் 'டிக்' என்ற ஒரு சிறு சத்தத்தோடு காற்றாடி நின்றது. மகள் ஒரு கடதாசியில் "26 நிமிடம்" என்று எழுதிச் சுவரில் ஒட்டினாள்.

அக்கா அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "நிக்கும் எண்டு தெரிஞ்சால் இருக்கலாம் மிஸ்."

இப்போது அவர் காலையில்தான் சுடுகிறார். மத்தியானத்துக்கு முன்னர் சத்தம் நின்றுவிடும்.

உங்கள் ஓவனில் என்ன பிழை?

1. காற்றாடி சுற்றவே இல்லை: தூசு இறுகியிருக்கலாம், வயர் கழன்றிருக்கலாம், தெர்மோஸ்ரற் பழுதாகியிருக்கலாம் அல்லது மோட்டரின் சுருள் அறுந்திருக்கலாம். இந்த நிலையில் ஓவனைப் பாவிக்க வேண்டாம்.

2. ஓவன் முற்றாக ஆறிய பிறகும், மணித்தியாலக் கணக்காகக் காற்றாடி நிற்கவில்லை: பெரும்பாலும் தெர்மோஸ்ரற் ஒட்டிக்கொண்டிருக்கும். அது மோட்டரைவிட விலை குறைந்த சிறு பொருள். மோட்டரை மாற்றச் சொன்னால் காரணம் கேளுங்கள்.

3. கரகரவென்ற சத்தம்: இதழ் எங்கோ உரசுகிறது, அல்லது அச்சில் எண்ணெய் காய்ந்துவிட்டது.

4. இடைநடுவில் ஓவன் நின்று, ஆறியதும் வேலை செய்கிறது: காற்றோட்டம் போதாது. முதலில் அலுமாரியைப் பாருங்கள், பிறகு காற்றாடியைப் பாருங்கள்.

5. எரிந்த மணம், தொட்டால் விறுவிறுப்பு, ட்ரிப் சுவிச் விழுதல்: உடனே மெயின் சுவிச்சை நிறுத்திப் பிளக்கைக் கழற்றுங்கள். இது மின்னியலாளரின் வேலை. விழுந்த ட்ரிப் சுவிச்சைத் திரும்பத் திரும்பத் தூக்கிப் பார்க்க வேண்டாம்.

செய்யக்கூடாதவை

ஓவனை நிறுத்துகின்ற பாதுகாப்புச் சுவிச்சை நீக்கி வயரை நேராகத் தொடுத்துவிடச் சிலர் முன்வருவார்கள். "இனி நிக்காது" என்பார்கள். உண்மைதான், தீப்பிடிக்கும்வரை நிற்காது. ஒருபோதும் சம்மதிக்க வேண்டாம்.

பெரிய ஓவனை மல்ரி பிளக்கிலோ நீட்டு வயரிலோ கொழுவ வேண்டாம். 2,400 வாற் ஓவன் 10 அம்பியருக்கு மேல் இழுக்கும். அதற்குத் தனியான, மண்தொடுப்புள்ள பிளக் வேண்டும்.

கேக்கை எடுத்த பிறகு கதவைச் சற்றே திறந்துவிடும் பழக்கமும் நல்லதல்ல. சூடு நேரே மேலெழுந்து சுவிச்சுகளில் அடிக்கும். கதவை மூடி, காற்றாடியை அதன் வேலையைச் செய்ய விடுங்கள்.

திருத்துபவரிடம் போகும்போது

எந்தக் கேக்கில், எத்தனை நிமிடத்தில், எப்படி நிற்கிறது என்று ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டு போங்கள். "மோட்டர் எரிந்துவிட்டது" என்றால், "மீற்றரை வைத்துக் காட்டுங்கள்" என்று மரியாதையாகக் கேளுங்கள். மாற்றிய பழைய பொருளைத் திரும்பக் கேளுங்கள். பற்றுச்சீட்டு வாங்குங்கள். நேர்மையாக வேலை செய்பவர் இதற்குக் கோபிக்க மாட்டார். நல்ல திருத்துநர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்ற முகத்தோடு நாங்கள் போய் நின்றால், விலையை அந்த முகம்தான் தீர்மானிக்கிறது.

இயந்திரம் ஆண்களின் விடயம் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். போர் அந்த ஆண்களைப் பலருடைய வீட்டிலிருந்து கொண்டுபோய்விட்டது. இயந்திரங்கள் எங்களிடம் வந்து சேர்ந்தன. தையல் மெசின், அரைக்கும் மெசின், ஓவன் எல்லாவற்றையும் கடன் வாங்கி வைத்திருக்கிறோம். அவை நிற்கும் நாளில் கடன் நிற்பதில்லை. எனவே அவற்றின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று கொஞ்சமாவது தெரிந்து வைத்திருப்பதும் எங்கள் தொழிலின் ஒரு பகுதிதான்.

பதினொரு ரிச் கேக்கும் குழி விழாமல் வந்தன. அந்தத் தங்கச்சிக்கு அக்கா கூலியோடு ஒரு பார்சலும் கொடுத்தார். எனக்கும் ஒரு துண்டு கிடைத்தது. தோடு அக்காவின் காதிலேயே இருக்கிறது.

உங்கள் வீட்டு இயந்திரங்களில் எது உங்களைப் பயமுறுத்துகிறது என்று எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் தையல் மெசின் மோட்டரைப் பற்றிக் கதைப்போம்.